வந்தவர் எத்தனை பேர், தங்கிய இரவுகள் எத்தனை?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் அறை விடுபவர்களும் சிறிய விருந்தினர் விடுதி நடத்துபவர்களும் எழுதியவை. இலங்கைக்கு வெளிநாட்டவர் வருகை கூடுகிறது என்ற செய்திக்கும் தங்கள் வரவேட்டுக்கும் இடையில் ஏன் இத்தனை தூரம் என்பதுதான் பலருடைய கேள்வி. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (நல்லூர்): 2018இல் 23 இலட்சம் பேர், 2024இல் 20 இலட்சத்துக்கு மேல் என்று படித்தோம். ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டோம் என்றுதானே அர்த்தம்? எங்கள் அறைகள் மட்டும் பழையபடி நிரம்பவில்லையே?

பதில்: நீங்கள் படித்த எண்கள் சரியானவை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கில் 2018இல் வந்தவர்கள் 23,33,796 பேர், 2024இல் வந்தவர்கள் 20,53,465 பேர். ஆனால் இது எல்லையில் எண்ணப்படும் தலைக்கணக்கு. அறை விடுபவருக்குச் சோறு போடுவது தலை அல்ல, இரவு. ஒருவர் இரண்டு நாள் நின்றாலும் இருபது நாள் நின்றாலும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

இரவுக் கணக்குப் போட்டால் வேறு படம் தெரியும். 2018இல் ஒரு பயணி சராசரியாக 10.8 இரவுகள் தங்கினார். மொத்தம் சுமார் 2 கோடியே 52 இலட்சம் இரவுகள். 2023இல் வந்தவர்கள் 14,87,303 பேர். சராசரித் தங்கல் ஏறத்தாழ 8.4 இரவுகள். பெருக்கினால் 1 கோடியே 25 இலட்சம். தலைக்கணக்கில் 2018இன் 64 சதவீதத்தை எட்டிய அந்த ஆண்டு, இரவுக் கணக்கில் பாதியைத்தான் தொட்டது. வருமானத்திலும் இதே கதை. 2018இல் சுற்றுலாவால் கிடைத்தது 438 கோடி டொலர், தலைக்கு 1,877 டொலர் அளவு. 2024இல் 317 கோடி, தலைக்கு 1,544 டொலர்தான். (இந்த வருமான எண்ணை யாரும் பணப்பெட்டியைத் திறந்து எண்ணுவதில்லை. ஒருவர் ஒரு நாளில் செலவிடுவது, தங்கும் நாட்கள், வந்தவர் தொகை ஆகிய மூன்றையும் பெருக்கி எடுக்கும் மதிப்பீடு அது.)

தங்கும் நாட்கள் குறைந்தால் அடி விழுவது எல்லா ஊருக்கும் ஒரே அளவில் அல்ல. பதினொரு இரவு இருப்பவர் நீர்கொழும்பில் இறங்கி, சீகிரியா, கண்டி, எல்ல, யால, தென்கரை என்று சுற்றிவிட்டு யாழ்ப்பாணத்துக்கும் இரண்டு இரவு ஒதுக்கலாம். எட்டு இரவே இருப்பவர் முதலில் வெட்டுவது தூரத்தில் இருப்பதை. கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர். போகவும் வரவும் இரண்டு பகல் போய்விடும். நாட்டின் சராசரி இரண்டு இரவு குறைந்தது என்றால், வடக்கில் சிலருக்கு அந்த விருந்தாளியே இல்லாமல் போனார் என்று பொருள். போதாததற்கு, உங்கள் தெருவில் 2018இல் இருந்த அறைகளை விட இப்போது எத்தனை அறைகள் கூட என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (வல்வெட்டித்துறை): கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வரும் என் அக்கா குடும்பமும் இந்தக் கணக்கில் 'சுற்றுலாப் பயணிகளா'?

பதில்: கனேடியக் கடவுச்சீட்டில் வந்தால், ஆம். சொந்த வீட்டுத் திண்ணையில் படுத்தாலும் அவர்கள் கனடாவிலிருந்து வந்த பயணிகள்தான். உலகம் முழுவதும் வழக்கில் உள்ள வரையறை இது: வழக்கமாக வாழும் இடத்தை விட்டு வந்து, குறைந்தது ஓர் இரவு தங்கி, ஓராண்டுக்குள் திரும்பினால் அவர் சுற்றுலாப் பயணி. காரணம் கடற்கரையாகவும் இருக்கலாம், கலியாணவீடாகவும் இருக்கலாம், செத்தவீடாகவும் இருக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய வருபவர் மட்டும் சேரமாட்டார். உறவினரைப் பார்க்க வருவது புள்ளிவிவரத்தில் ஒரு தனி நோக்கமாகவே பதியப்படுகிறது.

இதை வடக்கில் அறை விடுபவர்கள் போதிய அளவு யோசிக்கவில்லை என்பது எங்கள் எண்ணம். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் புலம்பெயர்ந்த குடும்பங்கள் ஊரில் நிற்கின்றன. முன்பு எல்லோரும் பெரியம்மா வீட்டில் பாய் விரித்துப் படுத்தார்கள். இப்போது அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குளிரூட்டியும் சுடுநீரும் வேண்டும். வீட்டில் ஆறு பேருக்கு ஒரு குளியலறை என்றால் இரண்டாம் நாளே முகம் சுருங்கும். ஆகவே பகலில் உறவினர் வீடு, இரவில் பக்கத்தில் வாடகை அறை என்று பிரித்துக்கொள்கிறார்கள்.

இவர்களுக்கு வேண்டியதும் வெள்ளைக்காரப் பயணிக்கு வேண்டியதும் ஒன்றல்ல. ஒரே கதவுக்குள் இரண்டு படுக்கையறை, ஒரு சிறு குசினி, பால் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி, உடுப்புத் தோய்க்க வசதி, வருகிற சொந்தக்காரர் உட்கார ஒரு விறாந்தை. தனித்தனி அறைகளாகக் கட்டியவர்கள் இரண்டு அறைகளுக்கு நடுவில் ஒரு கதவு வைத்தாலே போதும். திருவிழாவில் சேர்த்து விடலாம், மற்ற நாளில் பூட்டிவிட்டுத் தனித்தனியே விடலாம். இவர்கள் மாதக்கணக்கு முன்பே தொலைபேசியில் நேரடியாகப் பேசுவார்கள், இடையில் தரகு இல்லை. முற்பணத்தையும் திரும்பிப் போகும் நாளையும் மட்டும் எழுத்தில் வாங்கி வையுங்கள். "இன்னும் ரெண்டு நாள் நிக்கிறம்" என்று அவர்கள் சொல்லும்போது அடுத்தவர் வாசலில் நிற்பார்.

கேள்வி (மட்டக்களப்பு): எந்த நாட்டவர் கூடுகிறார்கள்? அவர்கள் எப்படிப்பட்ட அறையைத் தேடுகிறார்கள்?

பதில்: 2024இல் முதல் ஐந்து இடங்கள்: இந்தியா 4,16,974, ரஷ்யா 2,01,920, பிரித்தானியா 1,78,339, ஜேர்மனி 1,36,084, சீனா 1,31,681. 2018இல் இரண்டாம் இடத்தில் 2,65,965 பேருடன் இருந்த சீனா பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்த ஆண்டு முதல் ஐந்துக்குள் இல்லாத ரஷ்யா இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. இந்தியர் எண்ணிக்கை அன்றைய 4,24,887ஐ நெருங்கிவிட்டது. மொத்தத்தில் ஐந்தில் ஒருவர் இந்தியர்.

தங்கும் பழக்கம் ஆளுக்கு ஆள் மாறும், ஆனாலும் சில போக்குகள் உண்டு. இந்தியர் பயணம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடியும். குடும்பமாகவோ நண்பர்களாகவோ வருவார்கள். ஓர் அறையில் மூவர் படுக்க முடியுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பவை முதல் இரண்டு கேள்விகள். முற்பதிவு கடைசி நேரத்தில், சில வேளை புறப்படும் வாரத்தில். ரஷ்யர் குளிருக்குத் தப்பி வருபவர். உனவட்டுன, ஹிக்கடுவ, வெலிகம என்று ஒரே கடற்கரையில் நீண்ட நாள் நிற்பார். அவருக்குக் காலை உணவை விடக் குசினியும் வாராந்தர வாடகையும் முக்கியம். பிரித்தானியரும் ஜேர்மானியரும் இரண்டு வாரச் சுற்று வைத்து, ஊருக்கு ஊர் இரண்டிரண்டு இரவாக, பல மாதம் முன்பே பதிவார்கள். முதுகுப்பையோடு வரும் இளைஞர் கூட்டம் எல்ல, மிரிஸ்ஸ, வெலிகம ஹொஸ்டல்களில் கட்டில் கணக்கில் தங்கும். அறுகம்பைக்கு அலைச்சறுக்குக்கு வருபவர்கள் அறையின் அழகைப் பார்ப்பதில்லை. பலகையை வைக்கப் பூட்டுள்ள இடம் இருக்கிறதா, விடியமுன் கோப்பி கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள்.

உங்கள் பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் கடற்கரையோரத்தை எடுத்துக்கொண்டன. அங்கே போட்டி போடுவதை விட, சுற்றி வருபவர் வாவிக்கரையில் ஓரிரவு நிற்க ஒரு காரணம் கொடுப்பது உங்களுக்குச் சுலபம் என்று நினைக்கிறோம்.

கேள்வி (சாம்பல்தீவு): நிலாவெளிப் பக்கம் ஆறு அறைகள் வைத்திருக்கிறேன். ஓகஸ்டில் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறேன். கடன் எடுத்து இன்னும் நான்கு அறை கட்டலாமா?

பதில்: கட்டுவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரையும் தேதியோடு எழுதுங்கள்: எத்தனை அறை கேட்டார், எத்தனை இரவு, உள்ளூரா வெளிநாடா. ஒரு பருவம் முழுக்க எழுதிய பிறகுதான் மேஸ்திரியிடம் பேச வேண்டும். திருப்பி அனுப்பியது மனத்தில் பெரிதாக நிற்கும். காலியாகக் கிடந்த இரவுகள் நிற்காது.

உங்கள் கடற்கரையின் பருவத்தை 150 இரவு என்று வைப்போம். எடுத்துக்காட்டுக்கு அதில் 60 சதவீதம் நிரம்பினால் ஆறு அறைக்கு 540 இரவு. மீதி 215 நாளில் 15 சதவீதம் என்றால் 194. ஆண்டு முழுவதற்கும் 734. ஆறு அறையை 365ஆல் பெருக்கினால் 2,190. அதாவது மூன்றில் ஒரு பங்குதான் விற்கிறது.

இனி புது அறையின் கணக்கு. அறை 12,000 ரூபாய் என்று கொள்வோம். முற்பதிவுத் தளத்தின் தரகு 15 சதவீதம் என்றால் 1,800. இருவருக்குக் காலை உணவு 1,600. சலவை, சவர்க்காரம், தண்ணீர் 700. குளிரூட்டிக்கு மின்சாரம் 900. மொத்தம் 5,000 போக, கையில் நிற்பது 7,000. ஆறு அறையும் நிரம்பி, மேலும் ஆள் கேட்ட இரவு பருவத்தில் முப்பது, அந்த இரவுகளில் சராசரியாக இரண்டு அறை கேட்டார்கள் என்றால் நீங்கள் இழந்தது 60 அறை-இரவு. அதன் மதிப்பு 4,20,000 ரூபாய். நான்கு அறை கட்ட 120 இலட்சம், வட்டி 12 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி மட்டும் 14,40,000. வட்டியை ஈடுகட்டவே 206 இரவு கூடுதலாக விற்க வேண்டும். இருக்கும் தேவையோ 60.

இதே உழைப்பைப் பருவமில்லாக் காலத்தில் போட்டால்? ஏற்கெனவே வருபவர்களின் விலையைத் தொடாமல், புதிதாகப் பிடிக்கும் இரவுகளுக்கு மட்டும் 8,000 என்று வைத்து, 15 சதவீதத்தை 25 ஆக்கினால் 129 இரவு கூடும். தரகு 1,200ஆக இறங்கும், மற்றச் செலவு அப்படியே. இரவுக்கு 3,600 மிச்சம். மொத்தம் நாலரை இலட்சத்துக்கு மேல், கடன் இல்லாமல். வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பர், டிசம்பரைத் தள்ளிவையுங்கள். பெப்ரவரி, மார்ச் உங்களுக்கு விற்கக்கூடிய மாதங்கள்: மழை ஓய்ந்திருக்கும், கோணேசர் கோயிலில் சிவராத்திரி வரும், மார்ச்சில் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் புறப்படத் தொடங்கும். தென்கரை நெருக்கடியாக இருக்கும் காலமும் அதுதான்.

உங்கள் எண்களை மேலே உள்ள இடங்களில் போட்டுப் பாருங்கள். விடை வேறாக வந்தால் கட்டுங்கள். ஆனால் கொப்பியில் உள்ள 'திருப்பி அனுப்பியது' எல்லாம் பௌர்ணமிப் போயா நீண்ட விடுமுறைக்கு வந்த உள்ளூர்க் குடும்பங்கள் என்றால், அந்த ஏழெட்டு வாரஇறுதிக்காக நான்கு அறை கட்டாதீர்கள்.

கேள்வி (கல்முனை): எந்த மாதம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறதா?

பதில்: மாதந்தோறும் வெளியாகிறது. 2024இல் ஜனவரி 2,08,253, மே 1,12,128, ஜூலை 1,87,810, டிசம்பர் 2,48,592. மேயில் நாடு முழுவதும் வருபவர் ஜனவரியின் பாதி அளவுதான். கிழக்குக் கடல் அடங்கி அழகாக இருக்கும் தொடக்கம் அதே மே. உங்கள் பருவம் ஆரம்பிக்கும்போது நாட்டில் ஆள் குறைவு என்பதை நினைவில் வைத்து மே, ஜூன் விலையை இடுங்கள். ஐரோப்பியப் பள்ளி விடுமுறை தொடங்கும் ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை முழு விலை கேட்கலாம்.

கேள்வி (கோண்டாவில்): அறை புதிது, கட்டில் புதிது. ஆனாலும் வெளிநாட்டவர் 'தண்ணீர் சரியில்லை, விரிப்பு பழசு' என்று குறைந்த புள்ளி போடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உங்கள் கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். அதில் ஊறி வரும் தண்ணீர் கடினத் தண்ணீர். கரையோரத்தில் உவர்ப்பும் சேரும்.

விரிப்பை முதலில் பார்ப்போம். கட்டிச் சவர்க்காரமும் கடினத் தண்ணீரும் சேர்ந்தால் நுரை வராது, பிசுக்குத்தான் வரும். அது நூலில் படிந்து வெள்ளை விரிப்பை ஆறே மாதத்தில் சாம்பல் நிறமாக்கும். உடனே வெளுக்க குளோரின் ஊற்றுகிறோம். தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் அதைத் துருவாக்கி மஞ்சள் கறையாகப் பதித்துவிடும். ஆகவே கட்டிச் சவர்க்காரத்தை விட்டுச் சலவைத் தூள் அல்லது திரவம் பாவியுங்கள், கடைசி அலசலில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி சேருங்கள், குளோரினை நிறுத்துங்கள். மழைத் தண்ணீர்த் தாங்கி இருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. வெயிலில் காய்ந்த பருத்தி விரிப்பின் மணத்துக்கு எந்த வாசனைத் திரவமும் ஈடாகாது. ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்புத் தொகுதி வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில். இரண்டே வைத்திருப்பவர்கள்தான் மழை நாளில் ஈரம் காயாத விரிப்பைப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். துவாய்க்கும் இதே கணக்கு.

தண்ணீர் 'சரியில்லை' என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் சொல்வது அழுத்தத்தை. தாங்கி குழாய்த்தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். அகலமான மழைக்குழாய்த் தலை அந்த அழுத்தத்தில் சொட்டத்தான் செய்யும். சிறு தலையாக மாற்றுங்கள், அல்லது தாங்கிக்குக் கீழே அழுத்தப் பம்பி ஒன்று வையுங்கள். அதற்கு முன் தலையைக் கழற்றி ஓர் இரவு வினாகிரியில் ஊறப்போட்டுப் பாருங்கள். பாதி வீடுகளில் பிரச்சினை துளையை அடைத்த சுண்ணாம்போடு முடிந்துவிடும்.

சுடுநீர்த் தாங்கியிலும் இதே சுண்ணாம்பு சூடேற்றும் கம்பியைச் சுற்றிக் கல்லாகப் படிகிறது. கம்பி தண்ணீரைச் சூடாக்காமல் தன்னையே சூடாக்கிக்கொண்டு எரிந்துபோகும், மின்பட்டியலும் ஏறும். வெப்பநிலையை 60 பாகைக்கு மேல் வைக்காதீர்கள். சூடு கூடக் கூடப் படிவு வேகமாகும். ஆண்டுக்கொருமுறை மின்சாரத்தைப் பிரதான ஆளியில் நிறுத்தி, மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு கம்பியைக் கழற்றுவியுங்கள். ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து இரண்டு மணிநேரம் ஊறவிட்டால் படிவு உதிரும். உள்ளே துருவைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். அது விரல் பருமனிலிருந்து ஈர்க்கு அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அது போனால் அடுத்து அரிக்கப்படுவது தாங்கிதான்.

கட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும். ஆறடிக் கட்டில் ஒன்றைப் போடுவதை விட, மூன்றடிக் கட்டில் இரண்டைப் போட்டுச் சேர்க்கவும் பிரிக்கவும் வைத்திருங்கள். தம்பதிக்குச் சேர்க்கலாம், நண்பர்களுக்குப் பிரிக்கலாம். சேர்க்கும்போது நடுவில் பிளவு தெரியாமல் இரண்டுக்கும் மேலாக ஒரே மெல்லிய மெத்தை விரிப்புப் போட வேண்டும். கால்களையும் கட்டிவிடுங்கள், நள்ளிரவில் விலகும். நுளம்பு வலையும் தலைமாட்டில் பலவகை பிளக் ஏற்கும் ஒரு பொயின்ட்டும் இருந்தால் ஐரோப்பியருக்கு அறை பாதி பிடித்துவிடும்.

கேள்வி (பண்டாரவளை): இரண்டு முற்பதிவுத் தளங்களில் போட்டிருக்கிறோம். ஒரே அறைக்கு இருவர் வந்து நின்றார்கள். தளங்கள் இரண்டும் இணைக்கப்பட்டுத்தான் இருக்கின்றன. பிறகும் ஏன்?

பதில்: நாட்காட்டி இணைப்பு என்று இலவசமாகக் கிடைப்பது உடனுக்குடன் ஓடுவதில்லை. ஒரு தளம் மற்றத் தளத்தின் நாட்காட்டியை இடைக்கிடை போய்ப் பார்த்து வருகிறது. அந்த இடைவெளி சில மணிநேரமாகவும் இருக்கும். அதற்குள் இரண்டாமவர் பதிந்துவிடுகிறார். இன்று இரவுக்கென்று பதியும் வழக்கம் கூடியிருப்பதால் இந்த விபத்தும் கூடியிருக்கிறது. அறை கூட இருக்கும்வரை இரண்டிலும் விடுங்கள். கடைசி அறையை ஒரே தளத்தில் மட்டும் வையுங்கள். பதிவு வந்த நிமிடமே மற்றதில் கையால் மூடுங்கள். தொலைபேசியில் வாய்மொழியாகக் கொடுத்த அறையை மூட மறப்பதுதான் மற்றக் காரணம்.

இருவர் வந்துவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். உங்களை விடக் கொஞ்சம் நல்ல அறையாகப் பக்கத்தில் எடுத்துக்கொடுத்து, விலை வித்தியாசத்தையும் முச்சக்கரவண்டிக் கூலியையும் நீங்களே கொடுங்கள். அதற்காகவே அயலில் இரண்டு விடுதிக்காரரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். பதிந்துவிட்டு வராமல் போனவரைக் குறித்த காலத்துக்குள் தளத்தில் 'வரவில்லை' என்று குறிக்காவிட்டால், வராத ஆளுக்கும் தரகு கட்ட நேரும்.

கேள்வி (திருகோணமலை நகரம்): உல்லாசக் கப்பலில் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள் கணக்கில் வருவார்களா?

பதில்: கரையில் இரவு தங்காதவர் 'ஒரு நாள் வருகையாளர்'. சுற்றுலாப் பயணிக் கணக்கில் சேரமாட்டார். அறைக்காரருக்கு அவரால் பயனில்லை. வாகனம், சாப்பாடு, கைவினை விற்பவருக்கு உண்டு.

கேள்வி (திருவாரூர், தமிழ்நாடு): நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போக எண்ணுகிறோம். நான்கு பேர், சைவம். எத்தனை நாள், எங்கே தங்கலாம்?

பதில்: நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நான்கு மணிநேரப் பயணம். பருவமழையில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும். எனவே நவம்பர், டிசம்பரில் வருவதானால் பணம் திரும்பாத அறையைப் பதியாதீர்கள். சென்னை, திருச்சியிலிருந்து பலாலிக்கு விமானமும் உண்டு. கப்பல் நின்றால் அது மாற்று வழி. மின்பயண அனுமதியைப் புறப்படுமுன்பே எடுத்துவிடுங்கள்.

மூன்று இரவு வையுங்கள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு குறிகட்டுவானிலிருந்து போகிறது. நெடுந்தீவுக்குக் காலைப் படகைப் பிடிக்க யாழ் நகரில் முதல்நாள் இரவு நிற்க வேண்டும், திரும்பி வர மாலையாகும். அதோடு ஒரு நாள் போய்விடும். மற்ற நாளில் நல்லூர், கீரிமலை, கோட்டை. நல்லூர்க் கோயிலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் தங்கினால் பாதி இடத்துக்கு நடந்தே போகலாம். நால்வருக்கு ஒரே அறையில் மெத்தை போடுவதை விட இரண்டறை வீடாக எடுப்பது பெரும்பாலும் மலிவு. பதியுமுன் இரண்டு விதமாகவும் விலை கேளுங்கள். சைவக் கடைகள் நகரில் தாராளம். வீட்டு விடுதியில் சாப்பிடுவதானால் 'மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத சட்டியில்' என்று சொல்லியே கேளுங்கள், கோபிக்கமாட்டார்கள்.

கேள்வி (ஹற்றன்): விடுதிக்குக் கடன் எடுக்கிறோம். வருகை எவ்வளவு கெட்டுப்போகலாம் என்று வங்கியும் கேட்கிறது, நாங்களும் பயப்படுகிறோம்.

பதில்: அண்மைக் காலத்தில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. 2019 மார்ச்சில் வந்தவர்கள் 2,44,328 பேர். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் மே மாதத்தில் 37,802. ஆறில் ஒன்றுக்கும் கீழே. அதே ஆண்டு டிசம்பரில் எண்ணிக்கை மறுபடி 2,40,000ஐத் தாண்டியது. எட்டு மாதம். இரண்டாவது அளவுகோல் கொரோனா: 2020 மார்ச்சில் மூடிய விமான நிலையம் சுற்றுலாப் பயணிகளுக்கு 2021 ஜனவரி 21இல்தான் திறந்தது, 2021 முழுவதற்கும் வந்தவர் 1,94,495 பேர் மட்டும்.

எட்டு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் வைத்துவிட்டுக் கடனில் கையெழுத்திடுங்கள். இரண்டாவது வகை வந்தால் எந்தச் சேமிப்பும் போதாது. அதற்கு ஒரே வழி, அறைகளைப் பயணி இல்லாவிட்டாலும் மாத வாடகைக்கு விடக்கூடியதாகக் கட்டுவது. ஆசிரியர், வங்கி ஊழியர், தாதியர் என்று மாற்றலாகி வருபவர்களுக்கு ஹற்றனில் எப்போதும் அறை தேவை. தனி வாசல், தனி மின்மானி, ஒரு மூலையில் அடுப்பு வைக்கக் கற்பலகையும் புகை போக யன்னலும். வரைபடத்திலேயே இவற்றைப் போடச் சொல்லுங்கள்; சுவர் எழும்பிய பிறகு போடப் போனால் இரட்டிப்புச் செலவு.